எம்பிஏவில் ஆப்பரேஷன்ஸ் எடுக்கலாமா? காலேஜில் நடத்தும் டெக்னாலஜி நிகழ்ச்சிகள், ஃபேக்டரி விசிட், போட்டிகளால் உண்மையில் பிரயோஜனம் உண்டா?

எடுக்கலாம். தாராளமாக எடுங்கள். பொருளோ சேவையோ தேங்காமல் ஓடும்படி வேலையைத் திட்டமிட்டு நடத்தும் படிப்புதான் ஆப்பரேஷன்ஸ்.

கேட்டவர் முதல் வருஷத்தின் கடைசியில் இருப்பவர் என்று நினைக்கிறேன். ஸ்பெஷலைசேஷன் படிவம் கைக்கு வந்திருக்கும். "மார்க்கெட்டிங் எடு, ஃபைனான்ஸ் எடு, ஆப்பரேஷன்ஸ் எடுத்தா ஃபேக்டரியிலதான் கிடக்கணும்" என்று நாலு பேர் சொல்லியிருப்பார்கள். அந்தக் கடைசி வரியைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. நான் ஓரகடம் பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பிபிசியில், அதாவது உற்பத்தித் திட்டமிடலில் இருக்கிறேன். எந்த லைனில் எந்த பார்ட் எப்போது ஓட வேண்டும் என்று முடிவு செய்வது என் வேலை. விருப்பப்பட்டுத் தேர்ந்தெடுத்த வேலை இது.

முதலில் நிகழ்ச்சிகளைப் பற்றி. ஆடிட்டோரியத்தில் பேனர் கட்டி, மூன்று வைஸ் பிரசிடெண்டுகளைக் கூப்பிட்டு, 'இண்டஸ்ட்ரி 4.0' என்று நடத்தும் கருத்தரங்கு உங்கள் காலேஜிலும் இருக்கும். தொழிற்சாலை மிஷின்களை நெட்வொர்க்கில் இணைத்து ஓட்டுவதற்கு 2011-ல் ஜெர்மனியின் ஹானோவர் கண்காட்சியில் வெளியே வந்த பெயர் அது. நம் காலேஜ்களில் இன்னும் புதுசு போலவே பேசுகிறார்கள். போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். வருகிறவர்கள் பெரிய அனுபவசாலிகள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பேசினால் இன்டர்ன்ஷிப்புக்கு வழி பிறக்கும். ஆனால் ஒரு வேலை எங்கே தேங்குகிறது என்று கண்டுபிடிக்கிற கண்ணை அங்கே யாராலும் கொடுக்க முடியாது. ஒன்றரை மணி நேரத்தில் ஸ்லைடைக் காட்டிவிட்டுப் போவார்கள், அவ்வளவுதான் முடியும்.

எனக்கு இந்தப் படிப்பின்மேல் பிடிப்பு வந்தது பீர் கேம் விளையாடிய அன்றைக்கு. பீர் சரக்கு ஃபேக்டரியிலிருந்து கடைவரை போவதை வகுப்பில் விளையாடிப் பார்க்கும் ஆட்டம் அது, குடிக்க எதுவும் தரமாட்டார்கள். எங்கள் காலேஜில் அந்தப் பெயரே வேண்டாமென்று ஜூஸ் கேம் என்று மாற்றி வைத்திருந்தார்கள். அமெரிக்காவில் எம்ஐடியின் ஸ்லோன் பிசினஸ் ஸ்கூலில் ஜே ஃபாரஸ்டரின் குழு 1960-ஐ ஒட்டி உருவாக்கியது. சில்லறைக் கடை, மொத்த வியாபாரி, டிஸ்ட்ரிபியூட்டர், ஃபேக்டரி என்று நான்கு இடம். வரிசையாக உட்கார வேண்டும், ஒருவரோடொருவர் பேசக்கூடாது. ஆட்டத்தில் ஒரு சுற்று ஒரு வாரம் என்று கணக்கு. வாராவாரம் ஒரு சீட்டில் ஆர்டரை எழுதி அடுத்த இடத்துக்குத் தள்ள வேண்டும். போட்ட சரக்கு உடனே கைக்கு வராது, வழியில் சில வாரம் போய்விடும். கையில் தங்கும் பெட்டி ஒவ்வொன்றுக்கும் வாரத்துக்கு அரை டாலர் செலவு. கேட்டவருக்குக் கொடுக்க முடியாமல் பாக்கி நிற்கும் பெட்டிக்கு ஒரு டாலர்.

வாடிக்கையாளர் முதலில் வாரம் 4 பெட்டி கேட்பார். ஐந்தாம் வாரம் அது 8 ஆகும். அதற்குப்பின் ஆட்டம் முடிகிறவரை 8-தான். மொத்த ஆட்டத்திலும் மாறுவது அந்த ஒன்றுதான். ஆனால் ஃபேக்டரியில் உட்கார்ந்திருப்பவருக்கு வந்து சேரும் ஆர்டர் எங்கேயோ எகிறும், பிறகு வாரக்கணக்கில் பூஜ்யமாக வரும். அதே ஸ்லோன் ஸ்கூலின் ஜான் ஸ்டெர்மன் 1989-ல் வெளியிட்ட ஆய்வில், விளையாடிய குழுக்களுக்கு ஆன சராசரிச் செலவு, ஆகியிருக்க வேண்டிய செலவைப்போல் சுமார் பத்து மடங்கு.

எங்கள் மேஜையில் ஃபேக்டரி இடம் எனக்கு. ஆட்டம் முடிந்ததும் மூன்று பேரும் சேர்ந்து சில்லறைக் கடையில் இருந்த பையனைப் பிடித்துக்கொண்டோம், தாறுமாறாக ஆர்டர் போட்டது அவன்தான் என்று. அப்போது மேடம் வாடிக்கையாளர் சீட்டுகளை எடுத்து மேஜைமேல் வரிசையாகப் பரப்பினார். எட்டு, எட்டு, எட்டு, எட்டு. பிறகு நாங்கள் ஒவ்வொருவரும் எழுதிய சீட்டுகளை அதற்குக் கீழே அடுக்கச் சொன்னார். ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்திருந்தது. சரக்கு வரத் தாமதமாகிறது, வராத சரக்குக்காகப் பயந்து இன்னொரு ஆர்டர், அடுத்தவர் கையில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாது. இவ்வளவு போதும், நல்ல மூளை உள்ள நான்கு பேர் சேர்ந்து ஒரு கம்பெனியைக் கவிழ்ப்பதற்கு. புராக்டர் அண்ட் கேம்பிள் தன் டயப்பர் வியாபாரத்தில் இதையே பார்த்தது. குழந்தைகள் டயப்பர் நனைப்பது மாதா மாதம் ஏறி இறங்குவதில்லை, ஆனால் மேலே போகப்போக ஆர்டர் ஆடிக்கொண்டே இருந்தது. 1997-ல் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஹௌ லீயும் கூட்டாளிகளும் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, ஆர்டர் இப்படிப் பெருத்து ஆடுவதற்கு 'புல்விப்', அதாவது சாட்டைவீச்சு, என்ற பெயர் பாடப்புத்தகங்களில் நிலைத்துவிட்டது.

இன்றைக்கும் வண்டி கம்பெனியிலிருந்து அடுத்த மாத ஷெட்யூல் திடீரென்று ஏறி வந்தால், சப்ளையருக்கு நானும் ஏற்றிப் போடுவதற்கு முன்னால், அங்கே உண்மையிலேயே வண்டி கூடுதலாக விற்கிறதா, இல்லை யாரோ பயந்து சேர்க்கிறாரா என்று ஃபோனில் கேட்டுவிடுவேன். அந்த மேஜையில் கற்றது அது.

ஆட்டத்துக்குப் பின் நடக்கும் அந்த ஒரு மணி நேரப் பேச்சில்தான் பாடம் இருக்கிறது. சில காலேஜ்களில் ஆட்டம் முடிந்ததும் ஜெயித்த டீமுக்குக் கப் கொடுத்து, போட்டோ எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அப்படி நடத்துவதற்கு நடத்தாமலே இருக்கலாம்.

அடுத்தது ஃபேக்டரி விசிட். பஸ்ஸில் போய், கேட்டில் தொப்பி வாங்கிப் போட்டுக்கொண்டு, மஞ்சள் கோட்டுக்குள் நடந்து, ரோபோ வெல்டிங்கை வேடிக்கை பார்த்து, கேன்டீனில் சாப்பிட்டு வருவதால் பெரிய பலன் இல்லை. ஒரு கம்பெனிக்குள் நின்று அதன் உண்மையான சிக்கலில் வேலை செய்யும் லைவ் புராஜெக்ட் என்றால் விஷயமே வேறு. எனக்குக் கிடைத்தது திருப்பூரில் ஒரு டி-ஷர்ட் கம்பெனி. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கு என் உண்மையான பதில் அதில்தான் இருக்கிறது.

அந்த முதலாளிக்கு ஷிப்மெண்ட் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. வெட்டிய துணிக் கட்டு ஒவ்வொன்றிலும் பார்கோடு ஒட்டி, ஒவ்வொரு மிஷினிலும் டேப்லெட் வைத்து ஸ்கேன் செய்கிற சாப்ட்வேர் ஒன்றுக்கு விலை பேசி முடித்திருந்தார். நாங்கள் அதை எப்படி அமல்படுத்துவது என்று திட்டம் எழுதித் தர வேண்டும், அவ்வளவே. எங்கள் பேராசிரியர் ஒரு நிபந்தனை போட்டார். முதல் வாரம் லேப்டாப் கிடையாது. நோட்டும் பேனாவும் மட்டும்.

முதலாளியிடம், கட்டிங் முடிந்த துணி பேக்கிங்குக்கு வர எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டேன். "ஒரு நாளுங்க அம்மிணி, மிஞ்சிப்போனா ஒன்றரை" என்றார். நாங்கள் தளத்தில் கிடந்ததை எண்ணினோம். பவர் டேபிள் என்கிற தையல் மிஷின்களுக்குப் பக்கத்தில் கூடைகளில், செக்கிங் மேஜைக்கு அடியில், அயர்னிங்குக்கு முன்னால் சாக்கில், எல்லாமாகச் சேர்த்து 6,000 பீஸ் பக்கம் இருந்தது. ஒரு நாளைக்கு வெளியே போனது 1,500. ஆறாயிரத்தை ஆயிரத்து ஐந்நூறால் வகுத்தால் நான்கு நாள். இதற்கு லிட்டில் விதி என்று பெயர். உள்ளே நிற்பது எவ்வளவு, எந்த வேகத்தில் வெளியே போகிறது, இரண்டும் தெரிந்தால் சராசரியாக எவ்வளவு நேரம் உள்ளே கிடக்கிறது என்று சொல்லிவிடலாம். ஜான் லிட்டில் 1961-ல் இதற்கு நிரூபணம் வெளியிட்டார். பிற்பாடு அவரும் ஸ்லோன் ஸ்கூலில் பேராசிரியராக இருந்தவர்தான். பேங்க் க்யூவுக்கும் பொருந்தும், ஆஸ்பத்திரிக்கும் பொருந்தும்.

முதலாளி நம்பவில்லை. அதனால் ஒரு துணிக் கட்டின்மேல் சிவப்பு நூலைக் கட்டி, அது போகிற இடமெல்லாம் பின்னால் போய் நேரம் எழுதினோம். தையல் மட்டும் என்று பார்த்தால் ஒரு பீஸுக்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. மீதி நேரம் முழுக்க அந்தக் கட்டு கூடையில் காத்துக் கிடந்தது. அதுவும் அதிகமாகக் கழுத்துப் பட்டி வைக்கிற மிஷினுக்கு முன்னால். அங்கே இருந்த அக்கா ஒன்றரை ஷிப்ட் தைத்தும் கூடை குறையவே இல்லை, ஏனென்றால் கட்டிங் மாஸ்டர் தன் டேபிளைக் காலி பண்ணுவதிலேயே குறியாக இருந்தார். செக்கிங் அக்கா ஒரு பீஸை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். தோள்பட்டை ஓரத்தில் வரிசையாக ஊசி ஓட்டை. அதைத் தைத்த மிஷினில் ஊசி மழுங்கிய பிறகு எத்தனையோ கட்டு அதே ஊசியில் தைத்துப் போயிருந்தது. கண்டுபிடிக்கும்போது எல்லாம் கூடைகளில்.

நாங்கள் சொன்னது இரண்டே விஷயம். கட்டுக்கு 60 பீஸ் என்பதை 20 ஆக்குங்கள். கழுத்துப் பட்டி மிஷினில் எவ்வளவு முடிகிறதோ அவ்வளவை மட்டும் கட்டிங்கிலிருந்து இறக்குங்கள். டெய்லர்கள் உடனே மறுத்தார்கள். அவர்களுக்குப் பீஸ் ரேட், தைக்கிற பீஸுக்குத்தான் கூலி. கட்டு சின்னதானால் அடிக்கடி எழுந்துபோய் எடுக்க வேண்டும், கூலி குறையும். அவர்கள் சொன்னது முழுக்க நியாயம், எந்தப் புத்தகமும் எங்களுக்கு அதைச் சொல்லியிருக்கவில்லை. கட்டை எடுத்துத் தர கைமடி ஆள், அதாவது உதவியாள், ஒருவரைக் கூடுதலாகப் போட்டபிறகுதான் ஒரே ஒரு லைனில் சம்மதித்தார்கள். அந்த லைனில் துணி உள்ளே கிடந்த நேரம் கிட்டத்தட்ட பாதியானது. ஊசி ஓட்டையும் அன்றன்றைக்கே தெரிய ஆரம்பித்தது. எனக்கு இன்றைக்கும் பெருமை தருகிற வேலை அது. சாப்ட்வேரை முதலாளி தள்ளிப்போட்டார்.

உடனே யாராவது, "இவங்க டெக்னாலஜிக்கு எதிரி" என்று எழுதுவார்கள். இல்லை. நான் நாள் முழுக்க எஸ்ஏபி என்கிற கம்பெனி நிர்வாக சாப்ட்வேரில்தான் உட்கார்ந்திருக்கிறேன், அது இல்லாமல் ஆயிரக்கணக்கான பார்ட்டைத் திட்டமிடவே முடியாது. எங்கே தேங்குகிறது என்று தெரியாமல் டேப்லெட் வாங்கினால், தேங்குவதை டேப்லெட்டில் பார்க்கலாம் என்பதுதான் நான் சொல்வது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைப் பாருங்கள். டாக்டர் வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வுபெற்று 1976-ல் 11 படுக்கையோடு ஆரம்பித்தது. ஒரு டாக்டருக்கு இரண்டு மேஜை, ஒன்றில் ஆபரேஷன் நடக்கும்போதே இன்னொன்றில் அடுத்த நோயாளி தயார். டாக்டர் காத்திருக்கிற நேரம் இல்லை. இந்த ஓட்டத்தைச் சரிசெய்து வைத்திருந்தார்கள். 1992-ல் ஆரோலேப் தொடங்கி கண்ணுக்குள் வைக்கும் லென்ஸையே தாங்களே தயாரித்தபோது, அந்த டெக்னாலஜியின் பலன் முழுசாக நோயாளிக்குப் போய்ச் சேர்ந்தது. 1993-லிருந்து ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலில் கேஸாக, அதாவது வகுப்பில் அலசும் பாடமாக, இருக்கிறது. உங்கள் காலேஜில் அதை நடத்தாவிட்டால் கேட்டு நடத்தச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்காவிட்டாலும். கேட்டவர் பெண்ணாக இருந்தால் கட்டாயம் தெரிய வேண்டும். பிளேஸ்மெண்ட் சமயத்தில் பிளாண்ட் வேலைக்கு வந்த கம்பெனிகளில் சில, பையன்களின் பெயரை மட்டும் கொடுங்கள் என்றன. நைட் ஷிப்ட் என்று காரணம். பிளேஸ்மெண்ட் ஆபீஸும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. "ஹெச்ஆர் பக்கம் போயிடும்மா, உனக்கு நல்லது" என்று எனக்கு அறிவுரை வந்தது. 1948-ன் தொழிற்சாலைச் சட்டத்தில் 66-ஆம் பிரிவு, பெண்கள் இரவு 7-லிருந்து காலை 6 வரை வேலை செய்யக்கூடாது என்றது உண்மை. அந்தத் தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000-லேயே செல்லாது என்று சொல்லி, வண்டி வசதி, பாதுகாப்பு என்று நிபந்தனைகளை வைத்துவிட்டது. பெண்ணை அனுப்பாமல் இருக்கச் சட்டத்தைக் காட்டுகிறவர்கள், வேன் விடுகிற செலவைத்தான் மிச்சம் பிடிக்கிறார்கள். நான் ஹெச்ஆருக்குப் போகவில்லை. கேம்பஸுக்கு வெளியே தேடி, டிரெய்னியாகச் சேர்ந்து, நைட் ஷிப்ட் பார்த்துத்தான் இங்கே வந்தேன். ஆகவே அந்த அறிவுரை உங்களுக்கும் வந்தால் தலையாட்டாதீர்கள், எந்தக் கம்பெனி அப்படிக் கேட்டது என்று எழுத்தில் கேளுங்கள்.

சம்பளம்? ஆரம்பத்தில் கன்சல்டிங், பேங்க் போகிறவர்களுக்குக் கூடுதலாகத்தான் இருக்கும். அதை மறைக்க மாட்டேன். வீட்டில் கடன் கழுத்தை நெரித்தால் அதையும் கணக்கில் எடுங்கள், தப்பில்லை.

படிவத்தில் டிக் அடிக்கும் முன் உங்கள் சீனியர்களில் இரண்டு பேரைப் பிடியுங்கள். லைவ் புராஜெக்டில் எந்த யூனிட்டில் நின்றார்கள், அங்கே தொடர்ந்து எவ்வளவு நாள் இருக்க விட்டார்கள், கூட எந்தப் பேராசிரியர் வந்து நின்றார் என்று கேளுங்கள். பதிலில் கம்பெனி பெயர் மட்டும் வந்து வேலை வரவில்லை என்றால், ஆப்பரேஷன்ஸை எடுங்கள், ஆனால் புராஜெக்டை நீங்களே தேடிக்கொள்ளுங்கள். கோவை, திருப்பூர், ஓசூர், சிவகாசி என்று எங்கே போனாலும் சின்ன யூனிட்காரர்கள் உள்ளே விடுவார்கள். ஷிப்மெண்ட் வாரத்தில் மட்டும் போகாதீர்கள். கூடவே ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பரை விட்டுவிடாதீர்கள், இந்த வேலையில் தினமும் அது தேவைப்படுகிறது.