தசைக்கு இழுக்க மட்டுமே தெரியும்: விலங்குகளின் நகர்வு குறித்த வாசகர் கேள்விகள்

விலங்குகளின் நடை, ஓட்டம், தாவல், பறத்தல் பற்றி வந்த கேள்விகளில் எட்டுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். படிக்கத் தொடங்கும் முன் ஓர் அடிப்படையை மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. தசையால் சுருங்க முடியும். தானாக நீள முடியாது. சுருங்கிய தசையைப் பழைய நிலைக்கு இழுத்து நீட்ட எதிர்ப்புறத்துத் தசையோ, திரவ அழுத்தமோ, வில்லைப் போல மீளும் பொருளோ, உடலின் எடையோ வேண்டும். நம் முழங்கையை மடக்குவது ஒரு தசை, நீட்டுவது வேறொரு தசை. கீழேயுள்ள கேள்விகளில் பல, அந்த எதிர்வேலையைச் செய்வது எது என்ற இடத்தில்தான் வந்து நிற்கின்றன.

கேள்வி: செத்த சிலந்தியின் எட்டுக் கால்களும் உள்நோக்கிச் சுருண்டு கிடப்பது ஏன்?

பதில்: மல்லாந்து கிடக்கும் சிலந்தியைக் குனிந்து பார்த்தால், கால்கள் அனைத்தும் நெஞ்சுக்கு நேரே கூடி, பொத்திய கைவிரல்களைப் போல இருப்பது தெரியும். சிலந்தியின் ஒவ்வொரு காலிலும் உள்ள இரண்டு முக்கியமான மூட்டுகளில் மடக்கும் தசை உண்டு; நீட்டும் தசை கிடையாது. காலை நீட்ட வேண்டுமானால், தலைமார்புப் பகுதியிலுள்ள தசைகள் சுருங்கி, அங்கிருக்கும் உடல் திரவத்தை அழுத்தத்தோடு கால்களுக்குள் செலுத்துகின்றன. மண் அள்ளும் இயந்திரத்தின் கை எண்ணெய் அழுத்தத்தால் நீள்வதைப் பார்த்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. உயிர் போனதும் அழுத்தம் போய்விடுகிறது. மடக்கும் பக்கத்து இழுவையை எதிர்க்க எதுவும் இல்லாததால் கால்கள் சுருண்டுவிடுகின்றன.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலையும் உண்டு. வேகமாக ஓடும்போது தலைமார்பில் அழுத்தம் மிகுந்துவிடுவதால், வயிற்றுப் பகுதியிலுள்ள இதயத்திலிருந்து முன்னே வரும் இரத்த ஓட்டம் தடைபடுகிறது. பாய்ந்து ஓடும் சிலந்தி சிறிது தூரத்திலேயே நின்றுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். 2022-இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இறந்த ஓநாய்ச் சிலந்தியின் உடலில் ஊசி வழியே காற்றைச் செலுத்தி, கால்கள் விரிவதையும் காற்றை எடுத்ததும் மூடுவதையும் காட்டினார்கள். அந்தச் செத்த கால்களைக் கொண்டு சிலந்தியைவிட எடை கூடிய பொருளையும் பற்றித் தூக்கினார்கள். கேட்பதற்குச் சற்றுக் கொடூரமாக இருந்தாலும், நீட்டுவது திரவ அழுத்தம்தான் என்பதற்கு இதைவிட எளிய செய்முறை விளக்கம் எனக்குத் தெரிந்து இல்லை.

கேள்வி: தெள்ளுப்பூச்சி தன் உயரத்தைப்போல நூறு மடங்கு தாவுகிறது, அது மனிதன் அளவுக்கு வளர்ந்தால் வானளாவிய கட்டடத்தையே தாண்டும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மையில்லை. இது மேடைப் பேச்சுக்கு மட்டுமே உதவும் கணக்கு. 17-ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலிய அறிஞர் ஜொவான்னி அல்போன்சோ பொரெல்லி இதன் முடிச்சை அவிழ்த்துவிட்டார். தாவலுக்கான ஆற்றலைத் தருவது தசை. உடல் பெரிதாகும்போது தசையின் நிறையும் பெருகுகிறது. தூக்க வேண்டிய உடலின் நிறையும் அதே விகிதத்தில் பெருகுகிறது. ஒன்றை மற்றொன்று அடித்துவிடுவதால், ஒரே மாதிரி உடலமைப்புள்ள சிறிய விலங்கும் பெரிய விலங்கும் ஏறத்தாழ ஒரே உயரத்துக்குத்தான் எழும்ப முடியும். உடலின் மடங்காகச் சொல்லாமல் சென்டிமீட்டரில் அளந்து பார்த்தால் தெள்ளுப்பூச்சியின் தாவல் நம் தாவலைவிடத் தாழ்வானது.

அதோடு, உயரம் 100 மடங்கானால் எடை 10,00,000 மடங்காகும். அந்த எடையைத் தாங்கும் காலின் குறுக்குப் பரப்போ 10,000 மடங்குதான் கூடும். 1638-இல் வெளியான தன் நூலில் கலிலியோ எலும்புகளை வைத்து விளக்கிய கணக்கு இது. மனித அளவுத் தெள்ளுப்பூச்சி தாவுவது இருக்கட்டும், எழுந்து நிற்பதே அதற்குப் பெரும்பாடாகிவிடும்.

என்னைக் கேட்டால், வியக்க வேண்டியது தாவலின் உயரத்தை அல்ல, அதற்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தை. கால்கள் அவ்வளவு குட்டையாக இருப்பதால் தரையை உதைப்பதற்குக் கிடைப்பது ஏறக்குறைய ஒரு மில்லி விநாடி. எந்தத் தசையும் அவ்வளவு விரைவில் தன் ஆற்றல் முழுவதையும் கொட்ட முடியாது. ஆகவே தெள்ளுப்பூச்சி முதலில் தசையை நிதானமாகச் சுருக்கி, மார்புப் பகுதியிலுள்ள ரெசிலின் என்ற ரப்பர் போன்ற புரதம் அடங்கிய வில்லை அழுத்திப் பூட்டிவைக்கிறது. பிறகு பூட்டை விடுவிக்கிறது. வில்லாளி நாணை மெல்ல இழுத்து அம்பைச் சட்டென விடுவதும் இதே உத்திதான்.

கேள்வி: பறவைகளின் முழங்கால் மட்டும் ஏன் பின்பக்கமாக மடங்குகிறது?

பதில்: மடங்குவது முழங்கால் அல்ல, கணுக்கால். கொக்கின் முழங்கால் அதன் உடலை ஒட்டி, இறகுகளுக்குள் மறைந்திருக்கிறது. நம் முழங்காலைப் போலவே முன்னோக்கித்தான் இருக்கிறது. வெளியே தெரியும் நீண்ட தண்டு பாதத்தின் பகுதி. கொக்கு நிற்பது விரல்களின் மேல். குதிரை இன்னும் ஒரு படி மேலே போய், ஒவ்வொரு காலிலும் ஒற்றை விரலின் நுனியில் நிற்கிறது. குளம்பு என்பது அந்த விரலின் நகம்.

கேள்வி: மலைப்பாம்பு நேர்கோட்டில் நழுவி வருவதைக் கண்டேன். விலா எலும்புகளைக் கால்களைப்போல மாற்றி மாற்றி வைத்து நடக்கிறதா?

பதில்: இந்த எண்ணம் பழையது. 1812-இல் ஆங்கிலேய உடற்கூற்றறிஞர் எவரார்ட் ஹோம் ஏறக்குறைய இதையே எழுதினார். பாம்பைக் கையில் ஏந்தி ஊர விட்டால் விரல்களுக்கு அப்படித்தான் தோன்றும் என்பதால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் 1950-இல் லிஸ்மான் என்ற ஆய்வாளர் விலா எலும்புகள் முன்னும் பின்னும் அசையவில்லை என்று காட்டினார். 2018-இல் தசைகளின் மின் சமிக்ஞைகளைப் பதிவுசெய்த ஆய்வும் அதை உறுதிப்படுத்தியது. அசைவது தோல். விலா எலும்பிலிருந்து தோலுக்கு வரும் ஒரு தொகுதித் தசைகள் வயிற்றுத் தோலை முன்னே இழுக்கின்றன; அகன்ற வயிற்றுச் செதில்கள் தரையைப் பற்றிக்கொள்கின்றன; பின்னர் எதிர்த்திசையில் அமைந்த இன்னொரு தொகுதித் தசைகள் எலும்புக்கூட்டை, நிலையாக நிற்கும் அந்தத் தோலின் மேல் முன்னுக்கு இழுக்கின்றன. தளர்வான சட்டைக்குள் உடல் மட்டும் நகர்வதைப் போன்றது இது. வேகம் குறைவு, ஆனால் உடல் வளையவே தேவையில்லை என்பதால், இரையை ஓசையின்றி நெருங்கவும் குறுகிய பொந்துக்குள் நுழையவும் ஏற்றது.

கேள்வி: மீனின் வால் செங்குத்தாக இருக்கிறது, திமிங்கிலத்தின் வால் மட்டும் படுக்கையாக இருப்பது ஏன்?

பதில்: மூதாதையரின் முதுகெலும்பு அப்படி வளைந்ததுதான் காரணம். மீனின் உடல் இடவலமாக வளைகிறது. அதே வளைவு பல்லி, முதலை போன்றவற்றின் நடையில் இன்றும் தெரியும். பாலூட்டிகளிடம் முதுகெலும்பு மேலும் கீழுமாக வளையும் பழக்கம் வந்தது. ஓடும் நாயின் முதுகு வில்லாக வளைந்து நிமிர்வதைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் இது புரியும். திமிங்கிலங்கள் நான்கு கால் பாலூட்டிகளிலிருந்து தோன்றியவை. நீருக்குத் திரும்பியபோது அந்த முதுகெலும்போடுதான் திரும்பின. வால் துடுப்பும் அதற்கேற்ப மேலும் கீழும் அடிக்கும்படி படுக்கையாக அமைந்தது. ஊர்வனவாக இருந்து கடலுக்குப் போன, இன்று அழிந்துவிட்ட இக்தியோசாரின் வால் மீனைப்போலச் செங்குத்தாகவே இருந்தது.

இதை விதி என்று கொள்ள வேண்டாம். காது மடல் இல்லாத சீல்கள் பாலூட்டிகளாக இருந்தும் பின் துடுப்புகளை இடவலமாகவே வீசி நீந்துகின்றன.

கேள்வி: யானை ஓடுமா, அல்லது வேகமாக நடக்கத்தான் செய்கிறதா?

பதில்: இது 'ஓட்டம்' என்ற சொல்லுக்கு நாம் என்ன பொருள் கொள்கிறோம் என்பதைப் பொறுத்தது. நான்கு கால்களும் ஒருசேர அந்தரத்தில் நிற்பதுதான் ஓட்டம் என்றால், யானை ஓடுவதில்லை. குதிரை அப்படி எழுவதை 1878-இல் எட்வர்ட் மைபிரிட்ஜ் வரிசையாக வைத்த ஒளிப்படக் கருவிகளால் மெய்ப்பித்தார். கால்கள் நீண்டிருக்கும்போது அல்ல, வயிற்றுக்கு அடியில் கூடும்போதுதான் குதிரை அந்தரத்தில் இருக்கிறது என்பது ஓவியர்களுக்கே அதிர்ச்சியாக இருந்தது. யானையிடம் அந்தக் கணம் வருவதே இல்லை.

ஆனால் உடலியக்க அறிவியலார் வேறோர் அளவுகோலையும் வைத்திருக்கிறார்கள். நடக்கும்போது கால் விறைப்பாக நின்று, உடல் அதன்மேல் தலைகீழ் ஊசலைப்போல ஏறி இறங்குகிறது. ஓடும்போது கால் வில்லாக அமுங்கி உடலை உந்துகிறது. ஜான் ஹட்சின்சனும் அவருடைய குழுவினரும் தாய்லாந்தில் ஆசிய யானைகளின் மூட்டுகளில் வண்ணப் புள்ளிகள் வைத்துப் படம்பிடித்து, 2003-இல் முடிவுகளை வெளியிட்டனர். மணிக்கு 25 கிலோமீட்டர் வரை சென்ற அந்த யானைகளின் கால்கள் வரிசை மாறாமல் நடையின் ஒழுங்கிலேயே விழுந்தன. ஆனால் பின்னிடுப்பு, ஓடும் விலங்கினுடையதைப்போல அமுங்கி எழுந்தது. பாதத்தைப் பார்த்தால் நடை, இடுப்பைப் பார்த்தால் ஓட்டம். துரத்தப்படுகிறவருக்கு இந்த வேறுபாடு பெரிதாகத் தோன்றாது.

கேள்வி: கொசு ஒரு விநாடிக்குப் பல நூறு முறை இறக்கையடிக்கிறது. நரம்பு எப்படி அவ்வளவு விரைவாக ஆணையிட முடியும்?

பதில்: முடியாது; ஆணையிடவும் இல்லை. தும்பியும் வண்ணத்துப்பூச்சியும் ஒவ்வோர் அடிக்கும் ஒரு நரம்புத் தூண்டலைப் பெறுகின்றன. அவற்றின் இறக்கை மெதுவாக அடிப்பதால் அது போதும். கொசு, ஈ, தேனீ, வண்டு ஆகியவற்றின் முதன்மையான பறக்கும் தசைகள் இறக்கையோடு நேராக இணைந்தவை அல்ல. மார்புக்கூட்டின் சுவர்களோடு இணைந்தவை. செங்குத்தான தசைகள் சுருங்கும்போது மார்புக்கூட்டின் கூரை தாழ்ந்து இறக்கை மேலே எழுகிறது. அதே நேரத்தில் நீளவாக்கிலுள்ள தசைகள் இழுபட்டு நீள்கின்றன. இந்தத் தசைகளுக்கு ஒரு தனிக்குணம் உண்டு: இழுத்து நீட்டப்பட்டால், சிறிது தாமதித்து அவை தாமாகவே விசையோடு சுருங்கும். அவை சுருங்க, இறக்கை கீழிறங்க, முதல் தொகுதி நீள்கிறது. இப்படி ஒன்றையொன்று இழுத்துவிட்டுக்கொண்டே ஆட்டம் தொடர்கிறது. நரம்பு இடையிடையே தூண்டலை அனுப்பித் தசைகளை விழிப்பு நிலையில் வைத்திருப்பதோடு சரி.

வேகத்தைத் தீர்மானிப்பது மார்புக்கூடும் இறக்கையும் சேர்ந்த அமைப்பின் இயல்பான அதிர்வு. அதனால்தான் இத்தகைய பூச்சியின் இறக்கை நுனியை நறுக்கிவிட்டால் அடிக்கும் வேகம் குறையாமல் கூடுகிறது, ரீங்காரத்தின் சுருதியும் ஏறுகிறது.

கேள்வி: உறங்கும் வௌவால் ஏன் கீழே விழுவதில்லை?

பதில்: தொங்கும் உடலின் எடையே தசைநாண்களை இழுத்து விரல்களை மடக்கிவிடுகிறது, தசைநாணும் அதன் உறையும் ஒன்றோடொன்று பல்லும் பள்ளமுமாகப் பொருந்திப் பூட்டிக்கொள்கின்றன. பிடித்துக்கொண்டிருக்க வௌவால் ஆற்றல் செலவிடுவதில்லை. பிடியை விடத்தான் தசை வேலை செய்ய வேண்டும். தொங்கியபடியே இறந்துபோன வௌவால் அதே இடத்தில் தொங்கிக்கொண்டிருப்பதும் இதனால்தான்.