தேன் போத்தலுக்கு ஒரு லோகோ: புள்ளியே போதும்

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார்: "வீட்டில் பெட்டி வைத்துத் தேன் எடுக்கிறோம், 'வன்னித் தேன்' என்று பெயர். மகன் போனில் ஒரு லோகோ செய்து தந்தான். தேனீ, குளம், யானை, வயல், சூரியன் எல்லாம் இருக்கு, ஆனால் போத்தலில் ஒட்டினால் ஒன்றும் விளங்குதில்லை."

மகனை ஏசாதீர்கள் அக்கா, படம் வடிவாகத்தான் இருக்கும், ஆனால் அவன் கீறியது லோகோ இல்லை, முழு முல்லைத்தீவு மாவட்டம். அதை ஒரு ரூபாய்க் குற்றியளவுக்குச் சின்னதாக்கி, கறுப்பு வெள்ளையில் போட்டோகொப்பி எடுத்துக் கை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். கண்ணில் நிற்பதை வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டுங்கள். 1977இல் ரொப் ஜனோஃப் ஆப்பிள் நிறுவனத்துக்குக் கீறிய பழத்தில் ஒரு கடி இருக்கிறதே, சின்னதாகும்போது செர்ரிப்பழம் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அதை வைத்தார்.

தேனீயும் அறுகோணமும் வேண்டாம் என்பேன், தேன் விற்கிற எல்லாரும் அதைத்தான் போடுகிறார்கள். நம் எழுத்திலேயே ஒரு வசதி இருக்கிறது: 'ன்' மேலுள்ள புள்ளியைத் தேன் துளியாக்கிவிட்டால் வேறு படமே தேவையில்லை. எழுத்து மட்டும் தடிப்பாக இருக்கட்டும். ஆனால் 'தே' போன்ற எழுத்தின் சுழிக்குள் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் அச்சில் மை அடைத்துவிடும். நிறத்தைக் கடைசியில் யோசியுங்கள். வெள்ளைத் தாளில் மஞ்சள் எழுத்து காணாமல் போகும், கறுப்பிலோ கடும் மண்ணிறத்திலோ அதே மஞ்சள் பளிச்சென்று தெரியும்.

பெயரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், நீங்கள் கேட்கவில்லைதான். வன்னியும் தேனும் எல்லாருக்கும் பொது. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்கீழ், பொருளையும் ஊரையும் மட்டும் சொல்லும் பெயரை வியாபாரக் குறியாகப் பதிவது கஷ்டம். வீட்டுப் பெயரோ பிள்ளையின் செல்லப்பெயரோ முன்னால் வரட்டும், 'தேன்' கீழே சின்னதாக இருந்தால் அந்தப் புள்ளித் துளியும் தப்பும். பதிந்தால் 10 வருடத்துக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம்.

அச்சகத்துக்குப் போனில் எடுத்த படத்தைக் கொடுக்காதீர்கள், பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடையும். கோரல் ட்ரோ மாதிரி ஒரு மென்பொருளில் கோடுகளாகக் கீறிய கோப்பு வேண்டும், எழுத்தையும் கோடாக மாற்றித்தான் கொடுக்க வேண்டும். பாமினி எழுத்துருவில் அடித்ததை அப்படியே கொடுத்து, அவர்களின் கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால், 'தேன்' என்ற இடத்தில் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக வந்து நிற்கும். எனக்கு ஒருமுறை ஐந்நூறு லேபல் அப்படி வந்தது.