பாஸ்டர் வீட்டில் குளிர்காலம் எப்படி இருக்கும்?

கேள்வி: பாஸ்டர் ஒருவருடன் எனக்குத் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. நவம்பர் கடைசியிலிருந்து அவரோடு பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் பேச முடியவில்லை. பாஸ்டர் குடும்பங்களில் குளிர்காலம் என்றால் எப்போதும் இப்படித்தானா?

நான் ஒரு பாஸ்டரின் மகள், இப்போது ஒரு பாஸ்டரின் மனைவி. பிறந்ததிலிருந்து எல்லாக் குளிர்காலங்களையும் குருமனைக்குள்ளிருந்தே, அதாவது பாஸ்டர் குடும்பம் குடியிருக்கும் வீட்டுக்குள்ளிருந்தே, பார்த்திருக்கிறேன். உங்கள் கேள்விக்கு நேரான பதில்: ஆம், இப்படித்தான். ஆனால் இதற்குள் ஒரு குடும்பம் நன்றாக வாழவும் முடியும். என் அம்மா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

முதலில் அவருக்கு ஏன் நேரம் கிடைப்பதில்லை என்று பார்த்துவிடலாம். சபையில் பலருக்குக் கிறிஸ்துமஸ் ஒரு நாள், அல்லது ஒரு வாரம். குருமனையில் அது, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் அடங்கிய திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறன்றே தொடங்கிவிடும். அந்த ஞாயிறு நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் நடுவில் வரும். 2023-ஐ என்னால் மறக்க முடியாது. அந்த வருடம் டிசம்பர் 24 ஞாயிற்றுக்கிழமை. காலையில் திருவருகைக்காலத்தின் நான்காம் ஞாயிறு ஆராதனை, மாலையில் பிள்ளைகளின் நிகழ்ச்சி, இரவில் கிறிஸ்துமஸ் முன்னிரவு ஆராதனை, விடிந்தால் கிறிஸ்துமஸ் ஆராதனை. அடுத்த ஞாயிறு டிசம்பர் 31. காலை ஆராதனை முடிந்து, இரவு வருட முடிவு ஆராதனையும் முடிந்து, மறுபடி காலையில் புத்தாண்டு ஆராதனை. சரி, இனி மூச்சு விடலாம் என்று பார்த்தால் 2024-இல், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் பிப்ரவரி 14-ஆம் தேதியே வந்துவிட்டது. திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிற்றிலிருந்து எண்ணினால் 73 நாள்கள். அவ்வளவுதான் அந்த வருடத்துக் குளிர்காலம். அதற்குள் என் கணவர் எத்தனை பிரசங்கம் எழுதினார் என்று எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டேன்.

இவையெல்லாம் நாள்காட்டியில் இருக்கும் வேலைகள். குடும்பத்தை உண்மையில் ஆட்டிப்பார்ப்பது நாள்காட்டியில் இல்லாதவை.

குளிர் கூடும்போது வயதானவர்களின் உடல் தளர்ந்துவிடுகிறது. குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கும், ரத்த அழுத்தம் ஏறும், இதயத்துக்குச் சுமை கூடும். சளியாகத் தொடங்குவது நிமோனியாவில் போய் நிற்கும். அதனால் டிசம்பர், ஜனவரியில் மருத்துவமனைக்குப் போவதும் அடக்க ஆராதனை நடத்துவதும் கூடிவிடும். எங்கள் வீட்டில் வாசல் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி உண்டு. அதில் அப்பாவின் கம்பளிச் சட்டையும் மஃப்ளரும் ஒரு துணிப்பையும் எப்போதும் தொங்கும். பைக்குள் டார்ச், வேதாகமம், ஆராதனைப் புத்தகம். இரவு மூன்று மணிக்கு ஃபோன் வந்தாலும் எங்களை எழுப்பாமல் கிளம்புவதற்கான ஏற்பாடு அது. ஆனால் நாங்கள் எழுந்துவிடுவோம். போர்வைக்குள் இருந்தபடியே அப்பா பேசுவதைக் கேட்போம். "இதோ வர்றேன்" என்று சொன்னால் யாருக்கோ உடம்பு மோசம். ஒன்றும் சொல்லாமல் வெகுநேரம் கேட்டுவிட்டுக் கடைசியில் மெதுவாக "சரிம்மா" என்று சொன்னால் யாரோ போய்விட்டார்கள். ஏழு வயதிலேயே எனக்கும் தம்பிக்கும் இந்த வித்தியாசம் தெரியும்.

அப்பா போன பிறகு அம்மா தூங்கமாட்டார். விளக்கையும் போடமாட்டார். வாசல் பக்கத்து நாற்காலியில் சால்வையைப் போர்த்திக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருப்பார். அப்பா திரும்பி வந்ததும் அம்மா கேட்கும் முதல் கேள்வி, "கை சில்லுனு இருக்கா?" யார் இறந்தார், எப்படி இறந்தார் என்பதெல்லாம் அப்புறம்தான். அந்த வரிசையின் அருமை எனக்குக் கல்யாணமான பிறகுதான் புரிந்தது. வெளியில் அத்தனை பேருடைய துக்கத்தைக் கேட்டுவிட்டு வருகிறவரிடம் வாசலில் வைத்தே இன்னொரு கேள்வி கேட்கக் கூடாது. நீங்கள் இதை ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டாலும் போதும்.

சில நாள்களில் காலையில் ஒரு குழந்தையின் அடக்கம் இருக்கும், மாலையில் கிறிஸ்துமஸ் நாடக ஒத்திகையில் சிறுபிள்ளைகளுக்கு நட்சத்திரக் கிரீடம் கட்டிவிட வேண்டியிருக்கும். அப்பா இந்த இரண்டுக்கும் நடுவில் வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, பத்து நிமிடம் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டுப் போவார். அந்தப் பத்து நிமிடம் நாங்கள் அவரைத் தொந்தரவு செய்ததில்லை. யாரும் சொல்லித்தரவில்லை, ஆனாலும் தெரிந்திருந்தது.

அப்பாவிடம் ஒரு சின்ன டைரி இருந்தது. அந்த வருடத்தில் சபையில் யார் யார் வீட்டில் இழப்பு நேர்ந்ததோ அவர்கள் பெயரையெல்லாம் அதில் குறித்துவைப்பார். டிசம்பர் இரண்டாம் வாரத்துக்குள் அந்த எல்லா வீடுகளுக்கும் போய்வந்துவிடுவார். அன்புக்குரியவர் இல்லாமல் வரும் முதல் கிறிஸ்துமஸ் மிகக் கொடியது, அதை எதிர்கொள்ளும் முன்பே யாராவது போய் அந்தப் பெயரைச் சொல்லிப் பேச வேண்டும் என்பார். எனக்கு அவரைப் பற்றி மிகவும் பெருமையான விஷயம் அதுதான். பிரசங்கங்கள்கூட இல்லை. அந்த டைரியைத்தான் இன்று என் கணவரும் பின்பற்றுகிறார்.

ஆனால் இதற்கெல்லாம் நேரம் எங்கிருந்து வந்தது? எங்களிடமிருந்துதான். அதை மறைத்துப் பேசினால் உங்களுக்கு நான் உண்மையைச் சொன்னதாகாது.

என் பிறந்தநாள் டிசம்பர் மூன்றாம் வாரத்தில் வரும். எனக்குப் பத்து வயது ஆன அன்று அப்பா சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். ஒரு வீட்டில் ஜெபம், இன்னொரு வீட்டில் அண்ணன் தம்பிகளுக்குள் சண்டை, பிறகு பாடகர் குழுவின் பயிற்சி. வீடு வரும்போது மணி பத்தரை. நான் உடையை மாற்றாமல் போர்வைக்குள் படுத்திருந்தேன். அவர் கட்டிலருகே வந்து நிற்பது தெரிந்தும் கண்ணைத் திறக்கவில்லை. மறுநாள் காலையில் அம்மாவிடம் கேட்டேன்: "சபையில இருக்கிற பிள்ளைங்களுக்கு மட்டும்தான் அப்பாவா?" அம்மா பதில் சொல்லவில்லை. ஆனால் அன்று இரவு அப்பாவோடு நெடுநேரம் பேசினார். கோபமாக இல்லை. அழுதபடி.

அதன் பிறகு வீட்டில் வந்ததுதான் "ஆளுக்கொரு மாலை" ஏற்பாடு. அம்மாவுக்கு இந்த யோசனை சூசன்னா வெஸ்லியின் வாழ்க்கையிலிருந்து கிடைத்தது. இவரைப் பற்றித் தெரியாத பாஸ்டர் மனைவிகள் தெரிந்துகொள்வது நல்லது. இங்கிலாந்தில் எப்வர்த் என்ற ஊரின் போதகர் சாமுவேல் வெஸ்லியின் மனைவி. பெற்ற பிள்ளைகள் 19 பேர், பிழைத்து வளர்ந்தவர்கள் 10 பேர். 1709 பிப்ரவரியில் ஒரு குளிர் இரவில் அவர்களுடைய குருமனை தீப்பற்றி எரிந்தது. ஐந்து வயது ஜான் மட்டும் மாடியில் சிக்கிக்கொண்டான். ஒருவர் தோள்மேல் இன்னொருவர் ஏறி நின்று ஜன்னல் வழியாக அவனை இறக்கினார்கள். வீடு போனதால் பிள்ளைகளைச் சிறிது காலம் பல வீடுகளில் தங்கவைக்க வேண்டியிருந்தது. மறுபடி ஒரே கூரைக்குள் சேர்ந்தபோது அவர்கள் மாறிப்போயிருந்ததைத் தாய் கவனித்தார். பிறகு அவர் வாரத்தின் ஒவ்வோர் இரவையும் ஒவ்வொரு பிள்ளையோடு தனியாகப் பேசுவதற்கென்று ஒதுக்கினார். ஜானுக்கு வியாழக்கிழமை. பின்னாளில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய அந்த ஜான் வெஸ்லி, ஆக்ஸ்ஃபோர்டில் ஆசிரியராக இருந்தபோதும் அந்த வியாழன் மாலைகளை நினைவுகூர்ந்து தாய்க்குக் கடிதம் எழுதினார்.

இன்னொன்றும் உண்டு. 1711-12 குளிர்காலத்தில் சாமுவேல் திருச்சபைக் கூட்டத்துக்காக லண்டனில் தங்கியிருந்தார். சூசன்னா ஞாயிறு மாலைகளில் தன் பிள்ளைகளுக்காக வீட்டில் ஜெபம் நடத்தினார். அக்கம்பக்கத்தார் வரத் தொடங்கி, கூட்டம் ஏறக்குறைய 200 பேர் ஆனது. ஊருக்கே ஜெபம் நடத்திய அந்தப் பெண்மணியும், வாரத்தில் ஒரு மாலை ஒரு பிள்ளைக்கு மட்டும் என்று முடிவெடுத்தவரும் ஒருவரே. என் அம்மாவைத் தொட்டது அதுதான். ஊருக்குக் கொடுப்பதும் பிள்ளைக்குக் கொடுப்பதும் ஒரே மனதிலிருந்து வரலாம்.

எங்கள் வீட்டில் செவ்வாய் எனக்கு, வியாழன் தம்பிக்கு, திங்கள் அம்மாவுக்கு. முக்கால் மணி நேரம், அதற்கு மேல் இல்லை. அப்பாவோடு ஒரே போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து பேசலாம், பேசாமலும் இருக்கலாம். வெளியே சீக்கிரமே இருட்டிவிடும், ஜன்னல்களை எல்லாம் சாத்தியிருப்போம். அந்த நேரத்தில் ஃபோனை அம்மா எடுப்பார். உயிர்போகும் அவசரம் என்றால் அப்பா கிளம்பவேண்டும், அதில் பேச்சே இல்லை. ஆனால் அப்படிக் கிளம்பினால் அந்த மாலை ரத்தாகாது, மறுநாளுக்குத் தள்ளிப்போகும். ரத்துக்கும் தள்ளிவைப்புக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் எங்கள் வீடு நிமிர்ந்தது. நான் கோபத்தைக் கைவிட்டது அப்பாவின் வேலை குறைந்ததால் இல்லை. என் நாள் வரும் என்று தெரிந்திருந்ததால்.

இது எளிதாக நடந்துவிடவில்லை. முதல் வருடம் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மாலையை முழுக் குடும்பத்துக்கும் என்று ஒதுக்கிக் கதவைச் சாத்திவைத்திருந்தோம். வாழ்த்துச் சொல்ல வந்த ஒரு குடும்பம் திரும்பிப் போக நேர்ந்தது. "பாஸ்டர் வீட்டுக் கதவே சாத்தியிருந்தா நாங்க எங்க போறது?" என்று சபையில் பேச்சு வந்தது. அப்பா கலங்கிவிட்டார். இனி வேண்டாம், கதவு திறந்தே இருக்கட்டும் என்றார். அம்மா மட்டும் உறுதியாக நின்றார். அடுத்த வருடம் நவம்பரிலேயே சபை மூப்பர்களிடம் சொல்லி, அந்த ஒரு மாலைக்கு மட்டும் ஒரு மூப்பர் அழைப்புகளைப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு செய்தார்கள். ஆராதனை அறிவிப்பிலேயே அதைச் சொன்னார்கள். அதன் பிறகு ஒருவரும் குறைசொல்லவில்லை. முன்கூட்டியே சொன்னால் பெரும்பாலான சபையார் புரிந்துகொள்கிறார்கள். சொல்லாமல் சாத்தும் கதவுதான் அவர்களைப் புண்படுத்துகிறது.

ஜனவரியைப் பற்றியும் உங்களிடம் சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் டிசம்பரைவிட அதுதான் புதிதாக வரும் மனைவியைப் பயமுறுத்தும். பண்டிகை ஆரவாரம் முடிந்ததும் அவர் பேசாமல் போய்விடுவார். தொண்டை கட்டியிருக்கும், கண் எரியும், எதைக் கேட்டாலும் ஒற்றை வார்த்தையில் பதில் வரும். என் முதல் ஜனவரியில், நான்தான் ஏதோ தவறு செய்துவிட்டேன் என்று நினைத்துத் தனியாக அழுதேன். அம்மாவை அழைத்துச் சொன்னபோது, "அவர் எல்லாரோடயும் பேசி முடிச்சிட்டாரும்மா, இப்போ வார்த்தை ஊறணும், ரெண்டு வாரம் விடு" என்றார். அப்படியே நடந்தது. ஆனால் இரண்டு மூன்று வாரங்கள் தாண்டியும் தூக்கமில்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் அதைக் களைப்பு என்று தள்ளிவிடாதீர்கள். மருத்துவரிடம் கூட்டிச் செல்லுங்கள். பாஸ்டருக்கு மனச்சோர்வு வருவது விசுவாசக் குறைவு ஆகாது. இதை நான் அழுத்தியே சொல்வேன்.

அப்புறம், பிள்ளைகள் பிறந்தால் அவர்களுடைய இருமலுக்குத் தயாராக இருங்கள். நூறு பேர் தூக்கிக் கொஞ்சும் பிள்ளைக்குச் சபையில் சுற்றும் எல்லாச் சளியும் வரும். யாரும் மனவருத்தப்படாமல் "காய்ச்சல் இருக்கு, இந்த வாரம் தூக்க வேண்டாம்" என்று சொல்ல நான் கற்றுக்கொள்ளவே மூன்று வருடம் ஆனது. நீங்கள் முதல் வருடமே சொல்லிவிடுங்கள்.

இப்போது உங்கள் பத்து நிமிடத்துக்கு வருகிறேன். அவரிடம் "எப்போது நேரம் கிடைக்கும்?" என்று கேட்காதீர்கள். டிசம்பரில் அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இருக்காது. "எந்தக் கிழமை மாலை என்னுடையது?" என்று கேளுங்கள். ஒரு கிழமையைச் சொல்லச் சொல்லுங்கள். முக்கால் மணி நேரம் போதும். அது தள்ளிப்போனால் எந்த நாளுக்கு என்பதையும் அவரே சொல்லட்டும். திருமணத்துக்கு முன்பே இந்தப் பழக்கம் வந்துவிட்டால் பிற்பாடு பிள்ளைகளுக்கும் நாள் ஒதுக்குவது அவருக்குச் சுலபம். என் கணவரிடம் நான் இதைக் கேட்டபோது நிச்சயமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. சற்று யோசித்துவிட்டுச் செவ்வாய் என்றார். என் பழைய செவ்வாய்க்கிழமையைப் பற்றி அப்போது அவருக்குத் தெரியாது.