குலசேகரம் தம்பிக்கு: அலெக்சாண்டர் டெக்னிக் ஆசிரியர் பயிற்சி பற்றி

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். மனைவிக்கு இங்கிலாந்தில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது, நீங்கள் டிபென்டன்ட் விசாவில் கூடவே வருகிறீர்கள். தாத்தா வர்ம ஆசான். நீங்களும் சின்ன வயதிலேயே அடிமுறை என்ற நம்மூர்ச் சண்டைக்கலை படித்தவர், இடுப்பு பிடித்தவர்களுக்கு எண்ணெய் போட்டுத் தடவிவிட்ட பழக்கம் உண்டு. உட்காரும்போதும் நிற்கும்போதும் பேசும்போதும் நம்மை அறியாமல் உடம்பை இறுக்கும் பழக்கத்தை விடக் கற்றுக்கொடுக்கிற முறைதான் அலெக்சாண்டர் டெக்னிக். இங்கே அதற்கு ஆசிரியராக மூன்று வருடப் பயிற்சி இருக்கிறதாமே, பழகிய கை என்பதால் நமக்குச் சுலபமாக வருமா, அதை வைத்துப் பிழைக்க முடியுமா, பிறகு நாகர்கோவிலில் ஒரு சென்டர் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் தக்கலைக்காரி. லண்டனில் குடியேறி, அதே பயிற்சியை முடித்து, இப்போது பாடம் நடத்துகிறேன்.

கை விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பழகிய கை இங்கே பாதி உதவி, பாதி இடைஞ்சல். மனித உடம்பைத் தொட உங்களுக்குக் கூச்சம் இருக்காது, அது பெரிய விஷயம். என்னோடு படித்த வெள்ளைக்காரர்களில் சிலருக்கு அடுத்தவர் தோளில் கை வைக்கவே மாதக்கணக்கில் நடுங்கும். ஆனால் தடவும்போது நம் கை ஒரு வேலை செய்கிறது. அழுத்தும், நீவும், இறுகியதை இளக்கும். இந்தப் பயிற்சியில் கை போய்க் கழுத்தில் இருக்கும், ஆனால் எதையும் சரிசெய்யப் பார்க்காது. நீங்கள் கொஞ்சம் அழுத்தினாலும் எதிரில் இருப்பவரின் உடம்பு எதிர்த்து இறுகும். அதைவிட முக்கியம், உங்கள் கழுத்து இறுகியிருந்தால் அது உங்கள் கை வழியாக அவருக்குப் போய்விடும். அதனால்தான் முதல் வருடத்தில் பெரும்பாலும் யார் மேலும் கை வைக்க விடமாட்டார்கள். ஆசிரியர்கள்தான் உங்கள் மேல் கை வைத்துக்கொண்டிருப்பார்கள். மூன்று வருடம் என்பது இதற்காகத்தான்.

ஒரு பாடம் எப்படி இருக்கும் என்று சொன்னால் புரியும். ஒரு சாதாரண மர நாற்காலி. அதற்கு முன்னால் நீங்கள் நிற்கிறீர்கள். ஆசிரியரின் ஒரு கை பிடரியில், மண்டை கழுத்தோடு சேருகிற இடத்தில். இன்னொரு கை முதுகில். "உட்காருங்கள்" என்கிறார். அந்தச் சொல் காதில் விழுந்ததுமே, முழங்கால் மடங்குவதற்கு முன்பே, கழுத்தின் பின்பக்கம் இறுகி, தலை பின்னால் சாய்ந்து, தாடை தூக்கி, மூச்சு நின்றிருக்கும். உங்களுக்குத் தெரியாது, அவர் கைக்குத் தெரியும். இனிமேல் "உட்காருங்கள்" என்று கேட்டாலும் உட்காராமல் ஒரு கணம் அப்படியே விடவேண்டும். இன்ஹிபிஷன் என்பார்கள். கழுத்து இளகட்டும், தலை முன்னும் மேலுமாகப் போகட்டும், முதுகு நீண்டு விரியட்டும் என்று மனதுக்குள் நினைத்துக்கொள்ளவேண்டும், செய்யக்கூடாது. அது டைரக்‌ஷன். அதற்கப்புறம்தான் உட்காருவதும் எழும்புவதும்.

உங்களுக்குச் சிக்கல் வரப்போவது இந்த இடத்தில்தான். அடிமுறையில் ஆசான் கம்பு ஓங்கினால் யோசிக்காமல் உடம்பு போகவேண்டும், போனால்தான் சபாஷ். இங்கே போகாமல் நின்றால்தான் சபாஷ். நீங்கள் முதல் டெர்மில் எரிச்சல்படுவீர்கள் என்று இப்போதே எழுதித் தருகிறேன்.

இந்த முறை தொடங்கியதே அப்படித்தான். எஃப். எம். அலெக்சாண்டர் 1869-இல் டாஸ்மேனியாவில் பிறந்தவர். மேடையில் கவிதைகளையும் நாடகப் பகுதிகளையும் சொல்லிக் காட்டுவது அவர் தொழில். மேடை ஏறினால் தொண்டை கட்டும். ஓய்வெடுத்தால் சரியாகும், மறுபடி ஏறினால் மறுபடி கட்டும். அப்படியென்றால் பேசும்போது நான்தான் ஏதோ செய்கிறேன் என்று கண்ணாடி முன்னால் நின்று பார்த்தார். பேச வாயெடுத்ததும் தலையைப் பின்னால் இழுத்து, குரல்வளையை அமுக்கி, மூச்சை வாய்வழியாக உறிஞ்சுவது தெரிந்தது. விடவேண்டும் என்று நினைத்தாலும் விட முடியவில்லை. விட்டுவிட்டதாக உள்ளே தோன்றும், கண்ணாடி வேறு சொல்லும். பேசத் தோன்றியதும் உடனே பேசாமல் நிற்கப் பழகிய பிறகுதான் அது மாறியது. 1904-இல் லண்டன் வந்தார், 1931-இல் முதல் ஆசிரியர் பயிற்சி வகுப்பைத் தொடங்கினார், 1955-இல் இறந்தார். ஆசிரியர்களுக்கான ஸ்டாட் என்ற சங்கம் 1958-இல் வந்தது.

கண்ணாடி சொன்ன அந்த விஷயம் நம்மூர்க்காரர்களுக்கு நன்றாகவே பொருந்தும். பள்ளிக்கூட அசெம்பிளியில் "அட்டென்ஷன்" என்றால் நெஞ்சைத் தூக்கி, இடுப்பை உள்வளைத்து நிற்கப் பழகிவிட்டோம். அதுதான் நேர் என்று நமக்குள் பதிந்திருக்கிறது. உண்மையில் பின்னால் சாய்ந்திருப்போம். ஆசிரியர் மெதுவாக நிமிர்த்தி நேரே கொண்டுவந்தால், "ஐயோ முன்னால விழுந்திருவேன்" என்று தோன்றும். கண்ணாடியைப் பார்த்தால் நேராகத்தான் நிற்போம். நம் உணர்ச்சியே நம்மை ஏமாற்றுகிறது என்பதை ஏற்றுக்கொள்ள நாளாகும்.

சங்கம் ஒப்புக்கொண்ட பழைய வழிப் பயிற்சி என்றால் மூன்று வருடத்தில் 1,600 மணி நேரம். ஐந்து மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்ற கணக்கு. அதனால் வகுப்பு சின்னதாகவே இருக்கும். வாரத்தில் நான்கைந்து நாள், நாளுக்கு மூன்று நான்கு மணி நேரம். நாற்காலி வேலை, மேஜையில் படுக்க வைத்து வேலை, நாற்காலியின் முதுகுச் சட்டத்தில் இரண்டு கையையும் வைத்துப் பழகுவது, குரல் இல்லாமல் "ஆ" என்று மூச்சை விடுவது. வளர்ந்த ஆட்கள் ஒரு அறையில் நின்று சத்தமில்லாமல் "ஆ" விடுவதை ஊரில் யாராவது பார்த்தால் பேயோட்டுகிறார்கள் என்பார்கள்.

பணம். ஃபீஸ் வருடத்துக்குச் சில ஆயிரம் பவுண்ட் ஆகும். பலர் காலையில் வகுப்பு, சாயங்காலம் வேறு வேலை என்றுதான் படிக்கிறார்கள். முடித்த பிறகு உங்களை வேலைக்கு எடுக்க யாரும் காத்திருக்கமாட்டார்கள். சொந்தமாகத்தான் நடத்தவேண்டும். அறை வாடகை, இன்சூரன்ஸ், வரிக்கணக்கு எல்லாம் உங்கள் தலையில். அரைமணி முதல் முக்கால் மணி நேரப் பாடத்துக்கு 40 முதல் 60 பவுண்ட் வாங்கலாம், ஆனால் பிழைக்கிற அளவுக்கு மாணவர் சேர வருடங்கள் ஆகும். ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக் மாதிரி இசைக் கல்லூரிகளில் இந்தப் பாடம் உண்டு, இடங்கள் ரொம்பக் குறைவு. இன்னொரு வருமானம் இருக்கிறவர்கள்தான் நிலைத்து நிற்கிறார்கள். மனைவியின் சம்பளத்தில் வீடு ஓடும் என்றால் யோசியுங்கள், இது குடும்பத்தையே தாங்கவேண்டும் என்றால் வேண்டாம்.

பலன் இருக்கிறதா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நாளைக்கு உங்களிடம் கேட்பார்கள். 2008-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 579 முதுகுவலிக்காரர்களை வைத்து நடந்த ஆய்வு வெளிவந்தது. 24 பாடம் எடுத்தவர்களுக்கு ஒரு வருடம் கழித்து வலி நாட்கள் நன்றாகக் குறைந்திருந்தன. பார்க்கின்சன் நோயில் நடை தள்ளாடுகிறவர்களுக்கும் இதைப் பரிசீலிக்கலாம் என்று இங்கே மருத்துவ வழிகாட்டி சொல்கிறது. அதற்காக நாம் வைத்தியர் ஆகிவிடமாட்டோம். வருகிறவர் மாணவர், அவ்வளவுதான். பாடத்துக்கு நடுவில் வர்மத் தடவலைக் கலக்காதீர்கள், உங்கள் இன்சூரன்ஸ் அதற்குக் கைகொடுக்காது.

விசாவில் உங்களுக்குப் பிரச்சினை இல்லை. ஸ்கில்ட் வொர்க்கர் விசாக்காரரின் துணையாக வருகிறவர் படிக்கலாம், சொந்தத் தொழிலும் செய்யலாம். கேர் வொர்க்கர் விசாவில் புதிதாக வருகிறவர்கள் குடும்பத்தைக் கூட்டிவர 2024 மார்ச்சில் தடை வந்தது, 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து புதிதாக அந்த வேலைக்கு ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். நர்ஸுக்கு அந்தத் தடைகள் இல்லை. ஆனால் நாளைக்கு உங்கள் மச்சினன் மாதிரி யாராவது இதற்காக ஸ்டூடன்ட் விசாவில் வரலாமா என்று கேட்டால் கவனம். வெளிநாட்டு மாணவரைச் சேர்க்க அரசு தருகிற ஸ்பான்சர் லைசென்ஸ் உள்ள நிறுவனம் வேண்டும். இந்தப் பள்ளிகள் பல, ஒரு மூத்த ஆசிரியர் ஒன்றிரண்டு அறையில் நடத்துபவை, அவற்றிடம் அந்த லைசென்ஸ் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். ஸ்டூடன்ட் விசாவில் சொந்தத் தொழில் செய்யவும் கூடாது. மார்த்தாண்டத்து ஏஜெண்ட் "எல்லாம் ஆகும்" என்றால், எந்தப் பள்ளிக்கு லைசென்ஸ் என்று பெயர் கேளுங்கள்.

நாகர்கோவில் சென்டர் பற்றி: முதுகுவலிக்காரர்களை நம்பி இறங்காதீர்கள். நம்மூரில் வலியோடு வருகிறவர் அன்றைக்கே வலி விட்டுப் போகவேண்டும் என்று நினைப்பார். நாற்காலியில் உட்கார்ந்து எழும்ப வைத்தால் அடுத்த வாரம் வரமாட்டார், உங்கள் தாத்தாவின் சீடரிடம் போய்விடுவார். ஆனால் பாடுகிறவர்கள் வருவார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. நம் மாவட்டத்தில் சர்ச் கொயருக்குப் பஞ்சமே இல்லை. கிறிஸ்துமஸ் நேரத்தில் தொண்டை கட்டாத கொயர்க்காரர் உண்டா? பரதம் சொல்லிக்கொடுக்கிறவர்களையும் போய்ப் பாருங்கள்.

ஃபீஸ் கட்டும் முன் வேறு வேறு ஆசிரியர்களிடம் ஒரு இருபது பாடமாவது எடுத்துவிடுங்கள். பள்ளிக்குப் போனால் ஒருநாள் உட்கார்ந்து பார்க்க விடுவார்கள். டீ குடிக்கிற நேரத்தில் அங்குள்ள ஆசிரியர்கள் எப்படி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கவனியுங்கள். அதுவரை வீட்டில் தினமும் கால்மணி நேரம் பாயில் மல்லாந்து படுத்து, தலைக்கு இரண்டு மூன்று புத்தகம் வைத்து, முழங்காலை மடக்கி வைத்திருங்கள். வார்டு டியூட்டி முடிந்து வருகிற உங்கள் வீட்டம்மாவுக்கும் நல்லது.

அப்புறம், போஸ்டிங் எந்த ஊர் என்று நீங்கள் எழுதவே இல்லை. பயிற்சிப் பள்ளிகள் சில நகரங்களில்தான் இருக்கின்றன. தினமும் மூன்று மணி நேரம் ரயிலில் போய்வந்து இதைப் படிக்க முடியாது. ஊர் தெரிந்ததும் சொல்லுங்கள், பக்கத்தில் எது இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.