பனிக்கும் பனியனுக்கும் ஆகாது

கேள்வி: அடுத்த மாதம் குடும்பத்தோடு முதல் தடவையாகப் பனி பார்க்கப் போகிறோம். நான்கு நாள் தங்கல். ஆளுக்கொரு கனமான கோட்டு வாங்கியாயிற்று. உள்ளே வழக்கம்போல் பருத்தி பனியன், ஜீன்ஸ், காலுக்கு இரண்டு ஜோடி சாக்ஸ். போதும்தானே?

பதில்: போதாது. கோட்டை வாங்கிவிட்டு மற்றதில் கோட்டை விட்டிருக்கிறீர்கள்!

முதலில் அந்தப் பனியன். பனியில் கால் புதையப் புதையப் பத்து நிமிடம் நடந்தாலே வியர்க்கும். பருத்தி அந்த வியர்வையைக் குடித்துக்கொண்டு லேசில் விடாது. தண்ணீரோ காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டைக் கடத்தக்கூடியது. படம் எடுக்க நின்றதும் முதுகில் ஈரத்துணி போர்த்திய மாதிரி நடுக்கும். மேலே எத்தனை கிலோ கோட்டு இருந்தாலும் சரி. ஜீன்ஸும் பருத்திதான். முழங்காலில் ஒட்டிய பனி உருகி ஊறினால், அறைக்குத் திரும்பும்வரை காயாது.

ஆகவே தோலை ஒட்டி மெல்லிய கம்பளி அல்லது பாலியஸ்டர் தெர்மல் (குளிருக்கென்றே வரும் உள்ளாடை), மேலுக்கும் காலுக்கும். ஆளுக்கு இரண்டு செட் போதும். ஒன்று காயும்போது மற்றது. அதன்மேல் ஃப்ளீஸ் (பொசுபொசுவென்ற பாலியஸ்டர் மேலாடை) அல்லது கம்பளி ஸ்வெட்டர். அதற்கும் மேல் காற்றும் நீரும் புகாத ஜாக்கெட், அதே மாதிரி ஒரு பேன்ட். சூட்டைக் காப்பது துணிகளுக்கிடையில் அடைபட்ட காற்றுதான் என்பதால், இறுக்கிப் பிடித்தால் பலனில்லை. வீட்டிலேயே எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்து எழுந்து, கையைத் தூக்கிப் பாருங்கள். கிளம்பும்போது லேசாகக் குளிர்ந்தால் சரியான அளவில் உடுத்தியிருக்கிறீர்கள். வியர்க்கப் போகிறது என்று தெரிந்தால் நடு அடுக்கைக் கழற்றிவிட வேண்டும். வியர்த்தபின் கழற்றுவது தாமதம்.

இரண்டு ஜோடி சாக்ஸ் என்பது பலரும் செய்யும் தவறு. ஷூ இறுகி, ரத்த ஓட்டம் குறைந்து, விரல்கள் இன்னும் சில்லிடும். தடித்த கம்பளி சாக்ஸ் ஒன்றே ஒன்று, உள்ளே விரல்களை ஆட்ட இடமுள்ள நீர்புகா பூட்ஸ், அவ்வளவுதான். அந்த இரண்டாவது ஜோடியை ஒரு பையில் போட்டுக் கையோடு வைத்திருங்கள், நனைந்தால் மாற்ற. பூட்ஸ் அங்கே வாடகைக்குக் கிடைத்தாலும் சாக்ஸ் உங்களுடையதாக இருக்கட்டும்.

கைக்கு, நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் உறைதான் கதகதப்பு. குழந்தைகளுக்கு அதுவே, மாற்று ஜோடியோடு. பனி உருண்டை பிடித்தால் கம்பளி உறை ஐந்து நிமிடத்தில் ஊறிவிடும், எனவே வெளிப்புறம் நீர் புகாததாகப் பாருங்கள். காதை மூடும் குல்லா கட்டாயம். காற்றைக் கணக்கில் எடுக்காமல் வெப்பநிலையை மட்டும் பார்த்துப் பெட்டி கட்டாதீர்கள்: மைனஸ் 5 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்றடித்தால் முகத்துக்கு அது மைனஸ் 13.

யாரும் பட்டியலில் சேர்க்காதது கறுப்புக் கண்ணாடி. புதுப்பனி புற ஊதாக் கதிர்களில் 80 சதவீதம் வரை திருப்பியடிக்கும். கண் சிவந்து, மணல் விழுந்ததுபோல் உறுத்தும். கதிர் கீழிருந்தும் வருவதால் சன் ஸ்க்ரீனைத் தாடைக்கு அடியிலும் மூக்கின் கீழும் தடவுங்கள். செல்போனை உள்பாக்கெட்டில் வையுங்கள், குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும்.

வாங்கிய கோட்டு வீணில்லை. அதன்மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்தாக உருண்டு ஓடினால் பனியில் போடலாம். உறிஞ்சினால், அதிலும் உள்ளே இறகு அடைத்ததாக இருந்தால், நனைந்து கட்டிதட்டிச் சூடு காக்காது. பனி கொட்டாத வறண்ட மாலைகளுக்கு வைத்துக்கொண்டு, பகலுக்கு நீர்புகா ஜாக்கெட் ஒன்று தேடுங்கள். உள்ளே ஃப்ளீஸ் போகும்படி ஓர் அளவு பெரிதாக.