பூனைக்கு ஏறுமரம்

கேள்வி: அடுக்குமாடி வீட்டுக்குள்ளேயே வளரும் எங்கள் பூனை சோபாவைக் கீறிக் கிழிக்கிறது. காய்ந்த கொய்யாக் கிளையில் அதற்கு ஏறுமரம் செய்யலாமா?
– வாசகி, மதுரை

பதில்: தாராளமாகச் செய்யலாம், கொய்யா உறுதியான மரம். அரளிக் கிளை என்று எழுதியிருந்தால் தொடவே வேண்டாம் என்றிருப்பேன், அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. பூச்சிகள் ஒளிந்துகொள்ளும் பட்டையை உரித்து, உப்புத்தாளால் வழுவழுப்பாகத் தேய்த்துவிடுங்கள். பூச்சிக்கு அஞ்சி மருந்து பூசிவிடாதீர்கள். அத்தகைய மருந்துகள் சிலவற்றில் உள்ள பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி பூனையின் உயிருக்கே உலை வைக்கும்.

பூனை பின்னங்கால்களில் நின்று, உடலை முழுதும் நீட்டி, நகங்களை மேலிருந்து கீழாக இழுத்துக் கீறும் பழக்கமுடையது என்பதால், நடுத்தண்டு 3 அடிக்குக் குறையாமலும் சற்றும் ஆடாமலும் நிற்க வேண்டும். ஒருமுறை ஆட்டம் கண்டால், அது சோபாவுக்கே திரும்பிவிடும். ஆகவே 2 அடிச் சதுரத்தில் கனமான பிளைவுட் பலகையை அடித்தளமாக வைத்து, கீழிருந்து திருகாணிகளை முடுக்கி, மேல்முனையை ‘எல்’ வடிவ இரும்புப் பட்டையால் சுவரோடு பிணைத்துவிடுங்கள். தண்டில் தேங்காய்நார்க் கயிற்றை இடைவெளியின்றி இறுக்கிச் சுற்றலாம். வழவழப்பான நைலான் கயிறு வேண்டாம், நகத்துக்குப் பிடிமானம் கிடைக்காது. அழகு கெடும் என்று மூலையில் ஒதுக்காமல், முதலில் அந்தச் சோபாவை ஒட்டியே நிறுத்துங்கள்.