கையில் துவக்கு இருந்தால் வாள்வெட்டைத் தடுக்கலாமா?

கேள்வி: ஐயா, நான் ஒட்டுசுட்டான் பக்கத்தில் வயல் செய்கிறவன். பன்றிக் காவலுக்கு லைசன்ஸ் உள்ள 12 போர் துவக்கு ஒன்று வைத்திருக்கிறேன். போன மாதம் பொழுதுபடும் நேரம் வயலிலிருந்து துவக்கோடு வரும்போது, சந்திக் கடைக்கு முன்னால் மூன்று பெடியள் ஒரு பெடியனை வாளால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். நான் துவக்கை நீட்டவில்லை. தள்ளி நின்று சத்தம் போட்டேன். சனம் கூடியதும் அவர்கள் மோட்டார் சைக்கிளில் ஓடிவிட்டார்கள். பெடியன் தப்பிவிட்டான், ஆனால் ஒரு கை இனிச் சரிவராது என்கிறார்கள். இப்போது ஊரில் சிலர், துவக்கை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றவன் என்று முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். வெடி வைத்திருந்தால் சட்டம் என்னை என்ன செய்திருக்கும்? வைக்காமல் விட்டது குற்றமா? இனி இரவில் துவக்கு உள்ளவர்கள் சேர்ந்து சந்தியில் காவல் இருப்போம் என்றும் கதை நடக்கிறது. நான் போகலாமா?

பதில்: ஐயா, உங்களைக் குடைகிற கேள்விக்கே முதலில் வருகிறேன். நீங்கள் வெடி வைக்காமல் விட்டது குற்றமில்லை. உயிரைப் பணயம் வைத்து இன்னொருவரைக் காப்பாற்றியே ஆகவேண்டும் என்று இலங்கைச் சட்டம் சாதாரணக் குடிமகனைக் கட்டாயப்படுத்துவதில்லை. அதோடு, நீங்கள் சும்மா நிற்கவுமில்லை. சத்தம் போட்டீர்கள், சனம் கூடியது, வெட்டு நின்றது. ஒரு உயிர் மிஞ்சியது. உங்களைக் குறை சொல்கிறவர்களில் எத்தனை பேர் அந்தச் சந்தியில் வாய் திறந்தார்கள் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இனி, வெடி வைத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்ற கேள்வி.

1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் 89 முதல் 99 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றியவை. பலர் நினைப்பது போல அது தன்னைத் தான் காப்பதற்கு மட்டும் உரிய உரிமையல்ல. 90ஆம் பிரிவு, உங்கள் உடலையும் வேறு எவருடைய உடலையும் காக்க உங்களுக்கு உரிமை உண்டு என்கிறது. வெட்டுப்படுகிறவர் உங்கள் மகனாகவோ சொந்தக்காரராகவோ இருக்கத் தேவையில்லை. முன்பின் தெரியாதவராக இருந்தாலும் போதும். 93ஆம் பிரிவு இன்னும் ஒருபடி மேலே போகிறது. சாவோ பாரதூரமான காயமோ வந்துவிடும் என்று நியாயமாகப் பயப்பட வைக்கிற தாக்குதல் என்றால், அதைத் தடுக்கும்போது தாக்குகிறவர் இறந்தாலும் அது குற்றமாகாது. வாளால் கழுத்துக்கும் கைக்கும் வெட்டுவது அப்படிப்பட்ட தாக்குதல்தான், அதில் சந்தேகமில்லை.

ஆகவே அந்தச் சில விநாடிகளில் உங்களுக்குச் சுடும் உரிமை இருந்திருக்கலாம். ஆனால் அந்த உரிமைக்குச் சட்டமே இறுக்கமான வேலி போட்டிருக்கிறது. தடுக்கத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது. பொலிஸாரிடம் போக நேரம் இருந்தால் உரிமையே இல்லை. இவை 92ஆம் பிரிவில் உள்ளவை. 95ஆம் பிரிவின்படி, ஆபத்துப் பற்றிய நியாயமான பயம் தொடங்கும்போது உரிமை தொடங்குகிறது, அந்தப் பயம் நீடிக்கும் வரைதான் உரிமையும் நீடிக்கிறது.

கடைசியாகச் சொன்ன இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்ல விரும்புகிறேன். வாள் ஓங்கியிருக்கும்போது வைக்கும் வெடியும், அவர்கள் மோட்டார் சைக்கிளில் ஏறி முதுகு காட்டிய பிறகு வைக்கும் வெடியும் சட்டத்தின் முன் ஒன்றல்ல. இரண்டுக்கும் நடுவே ஐந்து விநாடிகூட இராது. கோபம் உச்சத்தில் நிற்பதோ இரண்டாவது நேரத்தில்தான். ஓடுகிறவனைச் சுட்டு அவன் இறந்தால் அது தற்காப்பு இல்லை, பழிவாங்கல். இறந்தவரின் முதுகில் ரவைக் காயம் இருப்பதைச் சட்ட வைத்திய அதிகாரி எழுதிவிட்டால், அதற்குப் பிறகு உங்கள் பக்கம் எவ்வளவு நியாயம் இருந்தாலும் வழக்கு மிகவும் கஷ்டம். அப்போது 296ஆம் பிரிவின் கீழ் கொலைக் குற்றச்சாட்டு வரும். அதற்குரிய தண்டனை மரணம். 1976க்குப் பிறகு இந்த நாட்டில் அது நிறைவேற்றப்படவில்லை என்பது உண்மைதான், ஆனால் வருடக்கணக்கில் சிறையில் கிடப்பது நிச்சயம். காப்பாற்றும் நல்லெண்ணத்தோடு செய்து, உரிமையின் எல்லையைக் கொஞ்சம் மீறிவிட்டால் 294ஆம் பிரிவின் இரண்டாவது விதிவிலக்கு கைகொடுக்கலாம். கொலை என்பது கொலையாகாத குற்றமுறு மனிதப் படுகொலையாகக் குறையும். குறையுமே தவிர இல்லாமல் போகாது.

அடுத்தது உங்கள் துவக்கைப் பற்றி. இதை வழக்கறிஞனாக மட்டுமல்ல, ஊர்க்காரனாகவும் சொல்கிறேன். சொட்கன் ரவை பரந்து போகும் சாமான். வெட்டுகிறவனும் வெட்டுப்படுகிறவனும் ஒரு முழ இடைவெளியில் கட்டிப் புரண்டுகொண்டிருக்கிறார்கள், பின்னால் கடை, கடைக்குள் சாமான் வாங்க வந்த பிள்ளைகள். பொழுதுபட்ட நேரம் வேறு. அப்படி ஒரு இடத்தில் வெடி வைத்தால் ரவை ஆள் பார்த்துப் போகாது. 99ஆம் பிரிவு இதைப் பற்றிப் பேசுகிறது: சாவு பயம் தரும் தாக்குதலை வேறு எப்படியும் திறம்படத் தடுக்க முடியாத நிலையில் மட்டும், அப்பாவிகளுக்கு ஆபத்து நேரக்கூடிய துணிவையும் எடுக்கலாம் என்று. 'வேறு வழியில்லை' என்பதுதான் அதன் உயிர்நாடி. உங்கள் சம்பவத்தில் வேறு வழி இருந்தது, சத்தம் போடுவது. அதுவே போதுமாகவும் இருந்தது. நீங்கள் சுட்டு அந்தப் பெடியனுக்கே ரவை பட்டிருந்தால், இன்றைக்கு உங்களைக் கோழை என்கிறவர்களே உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்திருப்பார்கள்.

மேலே பார்த்து ஒரு வெடி வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். சில வேளை அது ஒரு உயிரைக் காப்பாற்றும், மறுக்கவில்லை. தாக்குதல் நடந்துகொண்டிருக்கும்போது, மேலே வயரோ மரமோ கூரையோ இல்லாத வெளியில் வைத்தால் அதற்கு நியாயம் சொல்லலாம். வாய்த் தகராற்றுக்குப் பயங்காட்டி வைத்தால் நியாயம் இல்லை, லைசன்ஸும் போகும்.

சுட்ட பிறகு நடப்பதை யாரும் யோசிப்பதில்லை. நீங்கள் சொல்வது முழுக்க உண்மையாக இருந்தாலும், ஒருவர் இறந்திருந்தால் பொலிஸ் உங்களைக் கைது செய்யும். 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்தும். 1997ஆம் ஆண்டின் பிணைச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, மரண தண்டனைக்குரிய குற்றச்சாட்டில் நீதவான் பிணை கொடுக்க முடியாது, மேல் நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும். அது ஓரிரு வாரத்தில் முடிகிற காரியமில்லை. அந்தப் போகத்தின் விதைப்போ வெட்டோ நீங்கள் விளக்கமறியலில் இருக்கும்போதே போய்விடும். பிறகு வழக்கில், தற்காப்புக்காகத்தான் செய்தேன் என்று காட்டும் பொறுப்பும் உங்கள் தலையில்தான். சான்றுக் கட்டளைச்சட்டத்தின் 105ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்கத் தேவையில்லை, நடந்திருக்கக்கூடியது இதுதான் என்று காட்டினால் போதும் என்பது 1942இல் ஜேம்ஸ் சந்திரசேகர வழக்கிலேயே தீர்ந்த விடயம். அந்த அளவுக்கும் சாட்சி வேண்டுமே. சந்தியில் நின்ற சனத்தில் யார் நீதிமன்றப் படி ஏறுவார்?

வாள்வெட்டை விடச் சிக்கலான சந்தர்ப்பம் ஒன்று இருக்கிறது. நாலு பேர் ஒருவரை இழுத்து ஒரு வான் வண்டியில் ஏற்றுகிறார்கள், உடுப்பு சாதாரண உடுப்பு. எங்கள் பக்கத்துச் சனத்துக்கு அந்தக் காட்சி எதை நினைவூட்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை, இரத்தம் கொதிக்கும். ஆட்கடத்தல் என்றால் தடுக்கும் உரிமை உண்டு. ஆனால் அவர்கள் சிவில் உடையில் வந்த பொலிஸ் என்று உங்களுக்குத் தெரிந்தால், அல்லது அப்படி நம்பக் காரணம் இருந்தால், கடமை என்ற நல்லெண்ணத்தோடு அவர்கள் செய்யும், சாவு பயமோ பாரதூரமான காயப் பயமோ தராத செயலுக்கு எதிராக அந்த உரிமை கிடையாது. அவர்களிடமும் துவக்கு இருக்கும். நீங்கள் துவக்கை நீட்டினால் அவர்கள் முதலில் சுடுவார்கள், அப்போது நீங்கள் யார் என்று அவர்களுக்கும் தெரியாது. அந்த இடத்தில் துவக்கைத் தொடவே வேண்டாம். யார் நீங்கள், எந்தப் பொலிஸ் என்று சத்தமாகக் கேளுங்கள், அடையாள அட்டையைக் காட்டச் சொல்லுங்கள், வான் இலக்கத்தை எழுதுங்கள், போனில் படம் எடுங்கள். உடனே 119க்கும் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996க்கும் அடியுங்கள்.

துவக்கோடு சந்தியில் காவல் இருக்கும் யோசனை எனக்குத் துளியும் பிடிக்கவில்லை. உங்களுக்கு லைசன்ஸ் தந்தது பயிர்ப் பாதுகாப்புக்கு. வயலுக்குப் போய் வரும் வழியில் ஒரு கொலை நடப்பதைக் கண்டு தடுத்தால் அது ஒரு கதை. ஆள் பிடிக்கவென்றே துவக்கைத் தூக்கிக்கொண்டு சந்திக்குப் போனால் அது வேறு கதை. அதிலும் அந்தக் கூட்டத்தில் யாராவது லைசன்ஸ் இல்லாத இடியன் துவக்கோடு வந்தால் அவர் வெடியே வைக்காவிட்டாலும் அதை வைத்திருப்பதே குற்றம். இன்னொன்று, கூட்டமாகப் போய் ஒரு கள்ளனைப் பிடித்து மரத்தில் கட்டி அடிப்பது எங்கள் ஊர்களில் நடப்பதுதான். ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டோர் சட்டவிரோத நோக்கோடு சேர்ந்தால் அது சட்டவிரோதக் கூட்டம். அந்தப் பொது நோக்கத்துக்காக ஒருவர் செய்த குற்றத்துக்கு எல்லோரும் பொறுப்பு என்கிறது தண்டனைச் சட்டக்கோவையின் 146ஆம் பிரிவு. கட்டி வைத்த ஆளிடமிருந்து யாருக்கும் ஆபத்து இல்லை, ஆகவே தற்காப்பும் இல்லை. நீங்கள் கை வைக்காமல் ரோர்ச் அடித்துக்கொண்டு நின்றாலும், நோக்கம் ஒன்றென்று கண்டால் கொலை வழக்கில் உங்கள் பெயரும் சேரும்.

கண் முன்னால் பாரதூரமான குற்றம் செய்கிறவனைப் பிடித்து வைக்கும் அதிகாரம் உங்களுக்கு உண்டு. 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 35ஆம் பிரிவு அதைத் தருகிறது. பிடித்தால் தாமதிக்காமல் பொலிஸில் ஒப்படைக்க வேண்டும். காவல் வேண்டும் என்றால் கிராம அலுவலர் மூலம் பொலிஸாரோடு சேர்ந்த ஊர்க் குழுவாகச் செய்யுங்கள். ரோர்ச், விசில், போன் போதும். துவக்கு வீட்டில் இருக்கட்டும்.

இனி ஒருமுறை இப்படி நடந்தால், முதலில் ஒருவரை 119க்கு அடிக்கச் சொல்லுங்கள், பிறகு சத்தம் போடுங்கள், மோட்டார் சைக்கிளின் கோர்னை அழுத்திப் பிடியுங்கள், சனத்தைக் கூட்டுங்கள். வெட்டியவர்கள் ஓடியதும் துரத்தாதீர்கள். காயத்தைச் சுத்தமான துணியால் இறுக்கி அழுத்திப் பிடித்துக்கொண்டு 1990 அம்புலன்சைக் கூப்பிடுங்கள், காசு கிடையாது. உண்மையிலேயே வேறு வழியில்லாமல் வெடி வைக்க நேர்ந்தால், அந்த இடத்தை விட்டுப் போகாதீர்கள். மிச்சத் தோட்டாவை எடுத்துவிட்டுத் துவக்கை ஒரு பக்கம் வையுங்கள், வெறுங்கோதுகளை யாரும் பொறுக்க விடாதீர்கள், பொலிஸ் வந்ததும் துவக்கைக் கொடுத்து ரசீது வாங்குங்கள். நின்றவர்களின் பெயர்களை எழுதி வையுங்கள்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. நீங்கள் கண்ட சாட்சி. கொலை, கொள்ளை போன்ற பாரிய குற்றங்களை அறிந்தவர் பொலிஸிலோ கிராம அலுவலரிடமோ சொல்லவேண்டும் என்ற கடமையே சட்டத்தில் இருக்கிறது. இதுவரை வாக்குமூலம் கொடுக்கவில்லை என்றால் இந்தக் கிழமையே போங்கள். தனியாகப் போகப் பயம் என்றால் ஒரு சட்டத்தரணியைக் கூட்டிக்கொண்டு போகலாம். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. வாசித்துக் காட்டச் சொல்லி, விளங்கிய பிறகு ஒப்பமிடுங்கள், சிங்களத்தில் எழுதிய தாளில் விளங்காமல் ஒப்பமிட வேண்டாம். வெட்டியவர்கள் வந்து மிரட்டினால், சாட்சியை மிரட்டுவது 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க, பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் சட்டத்தின் கீழ் தனிக் குற்றம். அதையும் முறைப்பாடாகப் பதியுங்கள். சட்டத்தரணிக்குக் காசு இல்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போங்கள். பொலிஸுக்குப் போகும்போது துவக்கு லைசன்ஸையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், துவக்கை அல்ல. லைசன்ஸ் டிசம்பர் 31உடன் முடியும், இந்த வருடத்துக்குப் புதுப்பித்திருக்கிறீர்களா என்று புறப்படும் முன் பாருங்கள்.